கேலிபரேஷன்: அளவுத்திருத்தம் அன்று, அளவொப்பீடு

திருவொற்றியூர், மணலிப் பட்டறைகளில் மைக்ரோமீட்டரையும் அழுத்தமானியையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் ‘கேலிபரேஷனுக்குப் போயிருக்கு’ என்பார்கள், அதில் குழப்பமில்லை. ஏற்றுமதிக் கையேடுகளைத் தமிழாக்குவோர் பக்கத்துக்குப் பக்கம் எழுதும் ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது.

வார்ப்பச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்ற அரபுச் சொல், இத்தாலியம், பிரெஞ்சு வழியாகத் துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’ ஆகி, அதிலிருந்து கேலிபரேஷன் என்ற சொல் பிறந்தது என்பர். பொருள் இதுதான்: ஒரு கருவி காட்டும் அளவை அதனினும் நம்பகமான படியளவோடு (ஸ்டாண்டர்டோடு) ஒப்பிட்டு, வேறுபாட்டையும் அந்த ஒப்பீட்டின் நிச்சயமின்மையையும், அதாவது முடிவு எவ்வளவு தள்ளியிருக்கக்கூடும் என்பதையும், பதிவுசெய்தல். இதைக் கருவியைச் சரிசெய்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பன்னாட்டு அளவியல் கலைச்சொற்றொகுதியே குறிப்பு எழுதி எச்சரிக்கிறது. 25 மி.மீ. ஸ்லிப் கேஜுக்கு (துல்லியமான நீளம் கொண்ட எஃகுக் கட்டைக்கு) 25.004 காட்டிய மைக்ரோமீட்டர், சான்றிதழோடு திரும்பிய பின்னும் 25.004 காட்டலாம், அது 0.004 மி.மீ. கூடக் காட்டுகிறது என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது, அவ்வளவே. இதில் திருத்தப்பட்டது எது?

திருத்துவதற்குத்தானே ஒப்பிடுகிறோம் என்று ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல்லின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். எடை பார்ப்பதை யாரும் இளைத்தல் என்று சொல்வதில்லை. ‘அளவொப்பீடு’ சற்றுப் பரந்த சொல்தான்; ஆனால் நடக்காத வேலையை நடந்ததாகச் சொல்லாது.

வணிகத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று. எண்ணூரில் கப்பலேறும் உதிரிபாகத்தின் சோதனை அறிக்கையை வெளிநாட்டில் மறுசோதனையின்றி ஏற்க வேண்டுமானால், பட்டறைக் கருவியிலிருந்து, நாட்டின் மூலப் படியளவுகளைக் காக்கும் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற நிறுவனம் வரை, ஒவ்வொன்றையும் அதனினும் நம்பகமானதோடு ஒப்பிட்டுவரும் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். நாடுகளின் அளவியல் நிறுவனங்கள் 1999இல் பாரிஸில் செய்துகொண்ட பரஸ்பர ஏற்பு உடன்பாடு, ஒன்றன் படியளவுகளையும் சான்றிதழ்களையும் மற்றொன்று ஏற்பதற்காகவே ஏற்பட்டது. வாங்குபவர் அந்தச் சான்றிதழில் தேடுவது வேறுபாட்டையும் நிச்சயமின்மையையும். ‘திருத்தப்பட்டது’ என்ற உறுதிமொழியை அன்று.

கருவியை உண்மையிலேயே சரிசெய்தால் அதைத் திருத்தம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் திருத்திய பின் மறுபடியும் ஒப்பிட்டாக வேண்டும் என்பது நடைமுறை. அந்த வரியைக் கையேட்டுக்காரர்களின் தமிழில் எழுதினால் ‘திருத்தம் செய்தபின் மீண்டும் அளவுத்திருத்தம் செய்க’ என்று வரும். படிக்கும் பட்டறைக்காரர் எதைத்தான் செய்வார்?