மருந்தாய்வில் சேரச் சொன்னால்: கையொப்பத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் உரிமைகள்

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நீரிழிவு. வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில், "தடுப்பூசி ஆய்வு ஒன்று நடக்கிறது, சேருகிறீர்களா அம்மா?" என்று ஒரு தாதி கேட்டிருக்கிறார். பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த காகிதக் கட்டு பதினெட்டுப் பக்கம். முழுவதும் மலாயில். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையொப்பம் ஏற்கெனவே விழுந்திருந்தது. "டாக்டர் சிபாரிசு செய்கிறார் என்றார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?" என்றார்.

சொல்லலாம். கையொப்பம் போட்ட பிறகும் சொல்லலாம். ஆனால் இதை நம்மில் பலருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தொற்றுநோய்களுக்கு மருந்து கண்டுபிடிக்கும் வேலை நம்மைப் போன்ற நாடுகள் இல்லாமல் நடக்காது. நோய் இங்கேதான் இருக்கிறது. பணமும் ஆய்வுக்கூடமும் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்க்கத்தான் கூட்டு ஆய்வுகள். எச்.ஐ.வி., காசநோய், மலேரியா ஆகியவற்றுக்காக ஐரோப்பிய நாடுகள் 2003இல் ஆப்பிரிக்காவுடன் தொடங்கிய இ.டி.சி.டி.பி. என்ற கூட்டமைப்பு அவற்றுள் பெயர்பெற்றது. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கென்றே செய்த மாத்திரைகளை ஜாம்பியாவில் சோதித்துப் பார்க்க அதன் நிதி உதவியது. ஆனால் அந்த அமைப்பு சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கானது. மலேசியா அதில் இல்லை. நமக்கு வேறு ஏற்பாடுகள். சுகாதார அமைச்சுக்குச் சொந்தமான, இலாப நோக்கற்ற கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற நிறுவனம் 2012இல் தொடங்கப்பட்டது. ஆய்வை நடத்த விரும்பும் நிறுவனங்களையும் நம் மருத்துவமனைகளையும் இணைத்து வைப்பது அதன் வேலை.

கோலாலம்பூருக்கு இது புதிதும் அல்ல. 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மாடெலின் குழு குளோரம்பெனிகால் என்ற புது மருந்தை இங்கே கொண்டுவந்து, ஜாலான் பகாங்கில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து, நுண்ணிய பூச்சிகளின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. அந்த நோய் என்று தவறாக எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட டைபாய்டு நோயாளிகளும் குணமடைந்தார்கள். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து கிடைத்த கதை அது. நோயாளியின் சம்மதத்தை வலியுறுத்தும் ஹெல்சின்கி பிரகடனம் வந்தது 1964இல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நிலைமை வேறு. மலேசியா 1999இல் மருந்தாய்வுக்கான நன்னடத்தை வழிகாட்டியை வெளியிட்டது. சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு எதுவானாலும், அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. பதிவு பெறாத புது மருந்தாக இருந்தால், 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் அனுமதி இல்லாமல் அதை ஆய்வுக்காக நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அமைச்சு சார்ந்த ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டிலும் இடம்பெற வேண்டும். உங்களிடம் தரும் படிவத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

இனி அந்தப் பதினெட்டுப் பக்கத்துக்கு வருவோம். அதில் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது தகவல் தாள். இரண்டாவது சம்மதப் படிவம். மக்கள் நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள். விதி என்ன சொல்கிறது என்றால், தகவல் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மலாய் பேச வரும் என்பதும் பதினெட்டுப் பக்க மருத்துவ மலாய் புரியும் என்பதும் ஒன்றல்ல. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல. எழுத்தே படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடனிருந்து, சொன்னது சொன்னபடி விளக்கப்பட்டதா என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும். மகனோ மகளோ அருகில் இருந்தால் நல்லது. யோசிக்க நேரம் கேட்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கையொப்பமிட்ட பிறகு அதன் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிடுவர். ஆனால் விவரம் புரியும் வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

தகவல் தாளில் முக்கியமாகத் தேட வேண்டிய சொல், எந்த மருந்து யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கல். அதை நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது. "எனக்கு மட்டும் புது மருந்து கொடுங்கள் டாக்டர்" என்பது அங்கே எடுபடாது. ஏன் இந்தக் கெடுபிடி? 2021இல் கோவிட் உச்சத்தில் இருந்தபோது ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரைக்காக மக்கள் அலைந்தது நினைவிருக்கும். நம் அரசு மருத்துவமனைகள் ஐம்பது வயதைக் கடந்த, வேறு உடல்நலக் குறைகளும் இருந்த 490 கோவிட் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தன. நோய் முற்றியவர்கள், மாத்திரை சாப்பிட்ட 241 பேரில் 52 பேர். சாப்பிடாத 249 பேரில் 43 பேர். மாத்திரையால் பயன் தெரியவில்லை. குலுக்கல் இல்லாமல், கேட்டவருக்கெல்லாம் கொடுத்திருந்தால் இந்த உண்மை தெரிந்திருக்காது. ஆள் ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்திதான் மிஞ்சியிருக்கும்.

பணம்? ஆய்வு மருந்துக்கு உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. வந்துபோகும் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை தரலாம். ஆனால் "கடைசிவரை இருந்தால்தான் முழுப் பணமும்" என்று கட்டிப்போடக் கூடாது. வந்த முறைகளுக்கு ஏற்ப அவ்வப்போது தர வேண்டும். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் யார் சிகிச்சை தருவார், யார் இழப்பீடு தருவார் என்பது தாளில் எழுதியிருக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காத உரிமை. ஆய்வின் நடுவில் புதிய ஆபத்து தெரியவந்தால், தொடர்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க உதவும் வகையில் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும். இது வெறும் சடங்கல்ல. டெங்வாக்சியா என்ற டிங்கித் தடுப்பூசியின் ஆய்வில் மலேசியா உட்பட ஐந்து ஆசிய நாடுகளின் 10,275 குழந்தைகள் சேர்ந்தார்கள். முதலில் முடிவுகள் நன்றாகவே இருந்தன. மூன்றாம் ஆண்டில், ஊசி போட்ட ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், போடாதவர்களைவிட அதிகமாக டிங்கியால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது தெரிந்தது. முன்பு டிங்கியே வராதவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம் என்பதை 2017இல் தயாரிப்பாளரே அறிவித்தார். குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததால்தான் அது வெளியே வந்தது. அந்தக் கண்காணிப்புக்காக வரச் சொல்லும் சந்திப்புகளைத்தான் நாம் தொல்லை என்று தட்டிக்கழிக்கிறோம்.

ஆய்வு முடிந்த பிறகு மருந்து யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வியைத் தனி ஆளாக நாம் கேட்டுப் பெரிய பயன் இல்லை. அரசு கேட்க வேண்டியது அது. மலேசியா ஒருமுறை உருப்படியாகக் கேட்டது. ஹெபடைடிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அறிமுகமானபோது பன்னிரண்டு வார மருந்தின் விலை 84,000 டாலர். நம் நாட்டில் சுமார் நான்கு லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக மதிப்பிடப்பட்டிருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு, டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கற்ற அமைப்புடனும் எகிப்து நாட்டின் பார்கோ நிறுவனத்துடனும் கைகோத்து, ரவிடஸ்விர் என்ற மருந்தைச் சோஃபோஸ்புவிருடன் சேர்த்துச் சோதிக்க முன்வந்தது. ஆய்வு தொடங்கும்போதே பேசிக்கொண்ட விலை, முழுச் சிகிச்சைக்கும் சுமார் 300 டாலர். மலேசியாவிலும் தாய்லாந்திலும் சேர்ந்த 301 பேரில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். இதற்கிடையே 2017 செப்டம்பரில், காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அரசின் உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலேயே மலிவான சோஃபோஸ்புவிரை வாங்கப்போவதாக அரசு அறிவித்தது. இந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு மலேசியாதான். 2021இல் ரவிடஸ்விர் இங்கே பதிவு பெற்றது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. அந்த 301 பேரும் கையொப்பமிட்ட படிவம், உங்களுக்கு நீட்டப்படும் இதே மாதிரிப் படிவந்தான்.

புகார் இருந்தால் ஆய்வு நடத்தும் மருத்துவரிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. தகவல் தாளின் கடைசியில் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கும். ஒன்று மருத்துவருடையது. மற்றது நெறிமுறைக் குழுவுடையது. அந்தக் குழு அவருக்குக் கட்டுப்பட்டதல்ல. உங்கள் உரிமையைப் பற்றிக் கேட்க இரண்டாவது எண்.

பெரியம்மா அந்த இரண்டாவது எண்ணைத்தான் கூப்பிட்டார். கூப்பிட வைத்தது நான். தமிழ்ப் படிவம் இரண்டு வாரத்தில் வந்தது. தமிழ் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் புரிந்தது. ஆறாம் பக்கத்தில், ஓராண்டில் எட்டு முறை இரத்தம் எடுப்பார்கள் என்று போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது நமக்குச் சரிப்படாது" என்றார். விலகுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தும், போன் போட்டு ஊசிப் பயத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் விலகினார். நீரிழிவுப் பரிசோதனைக்கு அவருக்கு முன்பே கொடுத்திருந்த தேதியும் மருத்துவரும் மாறவில்லை.