டவர் ஸ்பீக்கரும் சேலத்துக் கான்கிரீட் ஹாலும்

தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் ஒரே ஜோடியை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் ஒருமுறையும், ஏற்காட்டில் ஓடு வேய்ந்த பழைய பங்களாவில் ஒருமுறையும் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஸ்பீக்கர்தானா என்ற சந்தேகம் வந்துவிடும். கீழே சேலத்தில் பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, திரண்டு வரும். சில சுரங்களுக்கு மட்டும் அறையே உறுமும். மேலே ஏற்காட்டில் அதே பாட்டில் பேஸ் மெலிந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும்.

மலைக்காற்று லேசானது, அதுதான் காரணம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் ஸ்பீக்கரின் ஒலி அளவு ஒரு டெசிபெல் போலக் குறையும். பாட்டுக் கேட்கும்போது அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வித்தியாசம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறது.

டவர் ஸ்பீக்கர் வாங்கும் முன் நாலைந்து மாடல்களை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதுதான். ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 300 அதிர்வு) மேலே ஸ்பீக்கர் பேசுகிறது. அதற்குக் கீழே ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து பேசுகின்றன. பெரும்பாலும் அறையின் குரல்தான் ஓங்கி நிற்கும். கடையில் நம்மை மயக்கும் பேஸ், அந்தக் கடையின் பேஸ். அது நம்மோடு வீட்டுக்கு வராது.

முதலில் பெட்டி. டவர் ஏன் இவ்வளவு உயரம்? பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. அதே சத்த அளவில் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் ஊஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின்) கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும் என்றால், 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் தேவை. இதைச் சமாளிக்கக் கூம்பின் பரப்பைக் கூட்டலாம். ஆறரை அங்குல ஊஃபர்கள் இரண்டைச் சேர்த்தால், எட்டு அங்குல ஊஃபர் ஒன்றை விடப் பரப்பு அதிகம். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் முன்பக்கம் ஒடுக்கமாகவே இருக்கும், பெட்டியின் கொள்ளளவும் கூடும். புக்‌ஷெல்ஃப் என்ற சிறிய ஸ்பீக்கரை ஸ்டாண்டில் வைத்தாலும் தரையில் கிட்டத்தட்ட அதே இடம்தான் போகும். ஸ்டாண்டாக வீணாகும் அந்த உயரத்தை டவர் பெட்டி பேஸுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இதில் ஏமாற்ற முடியாத ஒரு விதி இருக்கிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம் - இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். திருவிழா மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர் இதற்கு நல்ல சான்று. சில வாட்டிலேயே ஊர் முழுக்கக் கேட்கும், பேஸ் மட்டும் துளியும் இருக்காது. மூன்றும் உண்டு என்று எந்த விளம்பரம் சொன்னாலும், எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பெரும்பாலான டவர்களில் பின்னாலோ முன்னாலோ ஒரு துளை தெரியும். அதற்குப் போர்ட் என்று பெயர். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூ’ என்று ஒரு சத்தம் வருமல்லவா, அதே தத்துவம்தான். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போலவும், கழுத்தில் இருக்கும் காற்று எடை போலவும் செயல்பட்டு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஆடுகின்றன. கூம்பின் பின்புறம் வீணாகும் ஒலியை இப்படிப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1954-ல் அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் நேர் எதிர்த் திசையில் போனார். பெட்டியை முழுதாக அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார். எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெட்டி, எவ்வளவு நீளப் போர்ட் என்பதைக் கணக்காகவே போட வழிசெய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும். தீலின் கட்டுரை 1961-ல் வந்தது, ஸ்மாலின் வேலை எழுபதுகளின் தொடக்கத்தில். இன்று எந்த ஊஃபரை வாங்கினாலும் அதன் விவரத் தாளில் இவர்கள் பெயரில்தான் அளவுகள் இருக்கும்.

ஒப்பிடும்போது தெரிந்திருக்க வேண்டியது இது. போர்ட் உள்ள பெட்டி ஒரு எல்லை வரை தாராளமாகப் பேஸ் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும். அடைத்த பெட்டி முன்கூட்டியே குறையத் தொடங்கும், ஆனால் 12 டெசிபெல் சரிவில் மெதுவாக இறங்கும். காகிதத்தில் போர்ட்தான் ஜெயிக்கும். அறைக்குள் வந்ததும் கதை மாறுகிறது.

சென்சிட்டிவிட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று சொல்லும் எண் அது. 86-க்கும் 92-க்கும் ஆறு டெசிபெல் வித்தியாசம். அதாவது, நான்கு மடங்கு வாட். 92 உள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) செய்யும் வேலைக்கு 86 உள்ளதற்கு 200 வாட் வேண்டும். சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட்தான், 4 ஓம் ஸ்பீக்கரில் இரண்டு வாட் ஆகிவிடும். 4 ஓம் மாடலின் எண்ணில் மூன்று டெசிபெலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

சரி, இப்போது அறை. 15-க்கு 12 அடி ஹால், 10 அடி உயரம். நம் பக்கத்து வீடுகளில் சாதாரண அளவு. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் ஒலி போய்த் திரும்பித் தன்னோடு தானே சேர்ந்து நின்றுவிடும். 15 அடிக்கு அது சுமார் 38 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, உயரத்துக்கு 57. இவற்றின் மடங்குகளும் மூலைவிட்டச் சேர்க்கைகளும் வேறு இருக்கின்றன. முதலில் சொன்ன மூன்று அதிர்வெண்களில் சுவரோரம் பேஸ் பொங்கும், நடுவில் காணாமல் போகும். சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டவர் பேஸ் அதிகம் என்பார். அதே வீட்டில் ஹாலின் நடுவே பாய் போட்டு உட்கார்ந்தவர் பேஸே இல்லை என்பார். இருவரும் சொல்வது உண்மை. பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்வது நல்ல தொடக்கம்.

எந்த வீட்டிலும் இந்த நிற்கும் அலைகள் உண்டு. நம் வீடுகளில் அவை இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் கட்டுமானமே காரணம். அமெரிக்காவில் பல வீடுகள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தவை. பேஸ் வரும்போது அந்தப் பலகை லேசாக வளைந்து கொஞ்சம் ஒலியை விழுங்கிக்கொள்ளும். செங்கல் சுவர், ஆர்.சி.சி. கூரை, டைல்ஸ் தரை எதுவும் வளையாது. உள்ளே போட்ட பேஸ் உள்ளேயே சுற்றும். ஆகவே அங்கே ஒருவர் தன் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் “பேஸ் அளவாக இருக்கிறது” என்று எழுதிய டவர், சேலம் அழகாபுரத்து ஹாலில் அளவு மீறி நிற்பதில் ஆச்சரியம் இல்லை. ஏற்காட்டு பங்களாவில் பேஸ் ஓட்டு இடுக்குகள் வழியாகவும், மரக்கூரை அதிர்வதாலும் வெளியேறிவிடுகிறது. மேலே சுத்தமாகக் கேட்பதற்குக் காரணம் இந்தக் கசிவுதான்.

மிகக் குறைந்த அதிர்வெண்களில் இன்னொன்று நடக்கிறது. அலையின் நீளம் அறையை விட மிகப் பெரிதாகும்போது, ஊஃபர் அறைக்காற்று மொத்தத்தையும் ஒன்றாக அழுத்தித் தளர்த்துகிறது. கதவு ஜன்னல் அடைத்த, சுவர் வளையாத அறையில் இதனால் அதிர்வெண் இறங்க இறங்க பேஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வரை ஏறக்கூடும். அடைத்த பெட்டியின் சரிவும் 12 தான். ஒன்று இறங்கும் இடத்தில் மற்றது ஏறுகிறது. நிஜ வீட்டில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாம் இருப்பதால் முழுதாகக் கிடைக்காது, பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். சேலத்து கான்கிரீட் அறை சிறிதாக இருந்தால் அடைத்த பெட்டியையோ, பேஸை அடக்கிக் கொடுக்கும் டவரையோ நான் முதலில் பார்ப்பேன். பத்துக்குப் பத்து அறையில் மூன்று ஊஃபர் டவரை நிறுத்துவது பணத்துக்கும் கேடு, பாட்டுக்கும் கேடு.

ஸ்பீக்கரின் பின்சுவரும் விளையாடும். ஊஃபருக்கும் சுவருக்கும் இடையே 85 சென்டிமீட்டர் இருந்தால், பின்னால் போய் மோதித் திரும்பும் 100 ஹெர்ட்ஸ் அலை நேர் அலைக்கு எதிராக வந்து அதை ரத்து செய்யும். சுவருக்கு நெருங்க நெருங்க, ஒலி காணாமல் போகும் அந்தப் பள்ளம் மேல் அதிர்வெண்ணுக்கு நகரும். ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்துவதில் கிடைக்கும் மாற்றம், விலை உயர்ந்த கேபிள் எதிலும் கிடைக்காது.

எதிரொலிக்கு ஜமக்காளம் விரிப்பது நம் வழக்கம். பவானி ஜமக்காளம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் வரும் கீச்சொலியைத் தணிக்கும், பேஸை ஒன்றும் செய்யாது. ஒலியை உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால்வாசி அளவாவது தடிமன் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு அது முக்கால் மீட்டருக்கும் மேலே. மெல்லிய விரிப்பை மட்டும் அடுக்கினால் மேல் சுரங்கள் மங்கி, பேஸ் இன்னும் தூக்கலாகத் தெரியும். கனமான சோஃபா, இலவம்பஞ்சு மெத்தை, நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை இடைச்சுரங்களுக்கும் சேர்த்து உதவும்.

இனி ஸ்பீக்கர் மட்டுமே பேசும் பகுதி. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிலாய்ட் டூல் எண்பதுகளில் கேட்பவர்களிடம் எது என்று காட்டாமலே ஸ்பீக்கர்களை ஒலிக்கவிட்டு மதிப்பெண் வாங்கினார். நேர் எதிரே சமமாகவும், பக்கவாட்டில் சீராகக் குறைந்தும் ஒலிப்பவற்றையே பெரும்பாலோர் விரும்பினார்கள். பக்கவாட்டு ஒலி ஏன் முக்கியம்? டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் அதைத்தான் திருப்பி அனுப்புகின்றன. ஊஃபர் பெரிதாகும்போது மேல் அதிர்வெண்ணில் அதன் ஒலி ஒடுங்கும். மேல் சுரங்களுக்கான சிறிய ட்வீட்டர் அந்த இடத்தில் விரிந்து பரப்பும். இரண்டும் கைமாறும் 2000, 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் இந்த ஒடுக்கமும் விரிவும் பொருந்தாவிட்டால் பாடகரின் குரல் கரகரக்கும். கிளிப்ஷ் நிறுவனம் ட்வீட்டருக்கு முன் ஒரு குழலை வைத்து விரிவை அடக்குகிறது. கே.இ.எஃப். நிறுவனம் ட்வீட்டரை நடுச்சுர ஸ்பீக்கரின் மையத்திலேயே பொருத்துகிறது. வழி வேறு, சிக்கல் ஒன்றுதான்.

இதைச் சோதிக்க தம்பூராவை விடச் சிறந்த வாத்தியம் எனக்குத் தெரியவில்லை. கம்பியை மீட்டும் புள்ளியில் கணு (அசையாமல் நிற்கும் இடம்) அமையும் மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன, காரணம் கம்பியைத் தாங்கும் வளைந்த குதிரை என்று சி.வி. ராமன் 1921-ல் எழுதினார். அடர்த்தியான அந்த மேற்சுரங்கள் ஊஃபர், ட்வீட்டர் இரண்டின் எல்லையையும் கடந்து போகின்றன. நல்ல ஸ்பீக்கரில் தம்பூரா ஒரே நீரோட்டமாகக் கேட்கும். மோசமானதில் ரீங்காரம் மட்டும் தனியே மேலே மிதக்கும்.

கடையில் கேட்கும்போது இரண்டு ஸ்பீக்கரின் சத்தத்தையும் சத்தம் அளக்கும் செல்போன் ஆப்பில் பார்த்துச் சமமாக்குங்கள்; அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒரு டெசிபெல் கூடுதல், சத்தமாகத் தெரியாவிட்டாலும் ‘நன்றாக’ இருப்பதாகவே மனதுக்குப் படும். முடிந்தால் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, விலை குறைந்த செட் கண்ணில் பட்டதும் மதிப்பெண் இழந்தது. பேஸை அங்கே தீர்மானிக்காதீர்கள். குரல், தம்பூரா, வயலின் இவற்றை வைத்து இரண்டு மாடலாகக் குறைத்துக்கொண்டு, வீட்டில் வைத்துக் காட்டச் சம்மதிக்கும் கடையாகப் பாருங்கள்.

வாங்கிய பிறகு ஹாலில் பேஸ் உறுமினால், பெட்டியோடு வந்த பஞ்சு அடைப்பான் இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. அதைப் போர்ட்டில் செருகினால் டவர் ஏறக்குறைய அடைத்த பெட்டியாக மாறி, பேஸ் முன்கூட்டியே மெதுவாகச் சரியத் தொடங்கும். அதன்பிறகும் ஒரு சுரம் மட்டும் தனியாகத் துருத்தினால் அது அறையின் அதிர்வெண். ஆம்ப்பில் ஈக்வலைசர் (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் குறைக்கலாம். பள்ளத்தை அதில் நிரப்பப் பார்க்க வேண்டாம். எவ்வளவு ஊட்டினாலும் அலை தன்னைத்தானே ரத்து செய்துகொண்டே இருக்கும், சூடாவது ஆம்ப்தான். பள்ளத்துக்கு நாற்காலியை நகர்த்துங்கள்.