பழைய பிளக்-இன் என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் நிரம்பி வழிந்த நாட்களில், திரையின் மேலே ஒரு பட்டை அடிக்கடி வந்து நிற்கும்: ‘இந்தப் பிளக்-இன் காலாவதியானது, தடுக்கப்பட்டுள்ளது.’ பிளக்-இன் என்றால் பிரவுசரோடு இணைந்து ஓடும் வேறு நிறுவனத்தின் நிரல். விண்ணப்பம் நிரப்ப வந்த மாணவரும் சரி, ஆடிட்டர் அலுவலகத்தில் டிஜிட்டல் கையொப்பம் போட உட்கார்ந்தவரும் சரி, ‘இந்த முறை மட்டும் இயக்கு’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜாவா என்ற பிளக்-இன் இல்லாமல் கையொப்பத்தையே ஏற்காத தளங்கள் அன்று இருந்தன.

1990களின் நடுவில் பிரவுசருக்குப் பெரும்பாலும் எழுத்தையும் படத்தையும் காட்டத்தான் தெரியும். அனிமேஷன், வீடியோ போன்றவற்றுக்கு வேறு நிறுவனங்களின் நிரல்களை உள்ளே இணைக்க அன்றைய பிரவுசரான நெட்ஸ்கேப் ஒரு வழி வகுத்தது. ஃபிளாஷும் ஜாவாவும் அந்த வழியாக வந்தவைதான். சிக்கல் என்னவென்றால், பிளக்-இன் பிரவுசருக்குள் ஓடினாலும் பிரவுசரின் கட்டுப்பாட்டுக்குள் முழுமையாக அடங்கவில்லை. கணினியில் உங்களுக்கு என்ன உரிமை உண்டோ, ஏறக்குறைய அது அத்தனையும் அதற்கும் உண்டு. செட்டிநாட்டு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்புக் கதவை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும், பின்வாசல் சாவி வேறொருவர் கையில் இருந்தால் என்ன செய்வது?

சரி, பழையது ஏன் இவ்வளவு ஆபத்து? பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளிவந்ததும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று திருடர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அப்டேட் செய்யாதவர்தான் அடுத்த குறி. 2012 பிப்ரவரியில் ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் அதில் ஓர் ஓட்டையை அடைத்தது. மேக் கணினிகளுக்கான ஜாவாவை ஆப்பிள்தான் தனியாக வெளியிட்டு வந்தது. அதன் திருத்தம் ஏப்ரலில்தான் வந்தது. அந்த இடைவெளியில் ஃபிளாஷ்பேக் என்ற தீநிரல் சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது.

எச்சரிக்கை வேலை செய்யும் விதம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. பிளக்-இன் கோப்பிலேயே அதன் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் நாளுக்கு ஒருமுறை தன்னை உருவாக்கும் மொசில்லாவிடமிருந்து ஒரு தடைப்பட்டியலை வாங்கிக்கொள்ளும். இன்ன பிளக்-இன், இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை ஆபத்து, திருத்திய பதிப்பு வந்துவிட்டதா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினியில் உள்ள எண் அந்த வரம்புக்குள் விழுந்தால் பட்டை வரும். நீங்கள் சொடுக்கும் வரை பிளக்-இன் ஓடாது. அதன் நிரலைப் பிரவுசர் அலசிப் பார்ப்பதில்லை. ஆகவே யாரும் இன்னும் கண்டறியாத ஓட்டைக்கு எச்சரிக்கை வராது. 2015 ஜூலையில் ஃபிளாஷின் ஓட்டைகள் அம்பலமாகி, திருத்தம் வராமல் இருந்தபோது, மொசில்லா அன்றைய புதிய பதிப்பையே பட்டியலில் சேர்த்துத் தடுத்தது. துணிச்சலான முடிவு, மிகச் சரியான முடிவும்கூட.

இந்தப் பட்டையைப் போலவே வேடமிட்ட மோசடிகளும் கிளம்பின. ஃபிளாஷ்பேக்கே 2011இல் முதலில் ‘ஃபிளாஷ் பிளேயரை நிறுவுங்கள்’ என்ற போலித் தோற்றத்தில்தான் வந்தது. இணையப் பக்கத்துக்கு உள்ளே தோன்றி, கோப்பு ஒன்றை இறக்கச் சொல்லும் எச்சரிக்கையை நம்பவே கூடாது.

குரோம் 2015இல் பழைய வகைப் பிளக்-இன்களைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அதை உருவாக்கிய அடோபி நிறுத்தியது. இப்போது அப்டேட் ஆகாமல் நிற்கும் ஆபத்து பிரவுசருக்கே வந்துவிட்டது. விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகள் அந்தக் கணினிகளில் அடைக்கப்படவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை அதில் பார்ப்பவர்கள், குரோம் மெனுவில் ‘உதவி’க்குள் போய், ‘குரோம் பற்றி’ என்பதைத் திறந்து எண்ணைப் பார்த்துவிடுங்கள். 109 என்று இருந்தால் வங்கி வேலையை வேறு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.