சொல் விளக்கம்: ட்ரோன், ஆளில்லா வானூர்தி, கூரைப் பார்வை

பழைய வீட்டின் கூரையில் ஓடு விலகியிருக்கிறதா, முகட்டில் பூசிய சாந்து பெயர்ந்திருக்கிறதா, புகைபோக்கியின் அடியில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்த காலம் போய், படக்கருவி பொருத்திய சிறிய பறக்கும் கருவியை மேலே அனுப்பிப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பேச்சில் இதை ‘ட்ரோன் விட்டுப் பார்ப்பது’ என்கிறோம். எழுதும்போதோ ‘ட்ரோன் ஆய்வு’, ‘ட்ரோன் சர்வே’, ‘ஆளில்லா விமானச் சோதனை’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பெயரைச் சரியாக வைத்தால், கூரையைப் பற்றி எவ்வளவு தெரிந்தது, எவ்வளவு இன்னும் தெரியவில்லை என்பதும் அந்தப் பெயரிலேயே விளங்கும் என்று நான் நம்புவதால், இந்தச் சொற்களை வேரிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

‘ட்ரோன்’ என்பதன் முதற்பொருள் ஆண் தேனீ. பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரான்’ என்று வழங்கிய இச்சொல்லுக்கு இனமான சொல் ஜெர்மன் மொழியிலும் அதே பொருளில் இருக்கிறது. ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை. அது பூந்தேன் திரட்டுவதும் இல்லை. அரசித் தேனீயுடன் கூடுவது ஒன்றே அதன் பணி. ஆகவே 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் உழைக்காமல் உண்பவனையும் குறிக்கத் தொடங்கியது. தேனீயின் ஓயாத முரல்வும் இதே சொல்லால் சுட்டப்பட்டது. அதிலிருந்து, இசையில் மாறாமல் நீடித்து ஒலிக்கும் அடிச்சுரத்துக்கும் இப்பெயர் ஆகிவந்தது. தமிழில் தேனீ, இசைச்சுரம், பறக்கும் கருவி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: தேனீ வளர்ப்பில் அது ஆண் தேனீ, நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை ஊதும் கருவியில் அது ஒத்து, வானில் பறப்பதாயின் வேறொரு பெயர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை.

விமானத்துக்கு இப்பெயர் வந்த கதை 1935இல் தொடங்குகிறது. பீரங்கிப் படையினர் சுட்டுப் பழகுவதற்காக, விமானி இன்றி வானலை வழியே இயக்கக்கூடிய இலக்கு விமானம் ஒன்றை பிரிட்டனில் டி ஹாவிலண்ட் நிறுவனம் தன் ‘டைகர் மாத்’ விமானத்தின் அடிப்படையில் உருவாக்கியது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘குயின் பீ’, அதாவது அரசித் தேனீ. அதைக் கண்டு வந்த அமெரிக்கக் கடற்படைத் தலைவர் வில்லியம் ஸ்டாண்ட்லி தம் நாட்டிலும் அத்தகைய முயற்சியைத் தொடங்கச் செய்தார். பொறுப்பேற்ற டெல்மர் ஃபார்னி என்னும் அதிகாரி, 1936 அளவில், அரசித் தேனீக்கு இணையாக ஆண் தேனீயின் பெயரைத் தம் விமானங்களுக்கு வழங்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சுழலிகளின் இரைச்சலால்தான் இப்பெயர் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இன்றைய நான்கு சுழலிக் கருவி வண்டுபோல் இரைவதால் அந்த எண்ணம் இயல்பாகவே தோன்றுகிறது. ஆனால் பெயர் பிறந்த நாளில் அந்தக் கருவியே இல்லை.

தமிழில் டகரம் மொழிமுதலில் வராது; இரண்டு மெய்கள் சேர்ந்து சொல்லைத் தொடங்குவதும் இல்லை. ‘ட்ரோன்’ இந்த இரண்டு மரபுகளையும் ஒருங்கே மீறுகிறது. ‘டிரோன்’ என்று எழுதினால் ஒன்று மட்டும் சரியாகும். ஆயினும் பேச்சுவழக்கு இச்சொல்லை எப்படித் தன்வயமாக்கிக்கொண்டது என்பதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. ‘ட்ரோன் ஓட்டினான்’ என்பதைவிட ‘ட்ரோன் விட்டான்’ என்பதே நாவில் எளிதாக வருகிறது. பட்டம் விடுதல், காற்றாடி விடுதல் என்று, கையிலிருந்து வானுக்கு அனுப்பித் தரையிலிருந்தே ஆளும் செயலுக்கு நம்மிடம் முன்பே இருந்த வினை அது. கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. கலைச்சொல் ஆக்குவோர் பெயரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். வினையைப் பேசுவோர் தாங்களே சரியாகத் தேர்ந்துகொண்டார்கள்.

பெயருக்கு வருவோம். ‘ஆளில்லா விமானம்’ செய்தித்தாள்கள் வழியாகப் பரவியது. ‘விமானம்’ வடமொழிச் சொல் என்பது ஒருபுறம் இருக்க, கட்டடத்தைப் பற்றிய எழுத்தில் அது ஒரு தனி இடரையும் தருகிறது. கோயிற் கட்டடக்கலையில் கருவறையின் மேலெழும் அமைப்புக்கு விமானம் என்றே பெயர். பழைய கட்டடத்தின் மேற்பகுதியைப் பார்க்கும் வேலையை விளக்கும்போது, பார்க்கப்படும் பொருளும் பார்க்கும் கருவியும் ஒரே பெயரைத் தாங்கினால் வாக்கியம் குழம்பும். ஆகவே ‘வானூர்தி’ என்பதே இவ்விடத்துக்கு ஏற்றது.

‘ஆளில்லா வானூர்தி’ என்றதும் தமிழறிந்தவர்களுக்குப் புறநானூற்றின் 27ஆம் பாடல் நினைவுக்கு வரும். புலவர் பாடும் புகழுடையோர், தாம் செய்யும் நல்வினையை முடித்தபின், ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை எய்துவர் என்று சோழன் நலங்கிள்ளியிடம் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூறுகிறார். இதைக் கொண்டு அன்றே இத்தகைய கருவி இருந்தது என்று வாதிடுவது பாடலுக்கு நியாயம் செய்வதாகாது. அது மறுமையைப் பற்றிய கூற்று. ஆனால் சொல்லாக்கத்துக்கு அத்தொடர் மிக நல்ல பாடம். வலவன் என்றால் தேரைச் செலுத்துவோன். ஏவா என்றால் செலுத்தாத. வலவன் செலுத்தாமல் தானே செல்லும் ஊர்தி என்பது பொருள். இப்போது கூரையின் மேலே பறக்கும் கருவியைப் பாருங்கள்: அதை ஒருவர் தரையில் நின்று, திரையைப் பார்த்து, இரண்டு விரல்களால் ஏவிக்கொண்டே இருக்கிறார். அவர் ஏவுகிறார், ஏறவில்லை. எனவே இன்றைய கருவிக்கு ‘வலவன் ஏவா’ என்பது பொருந்தாது, ‘வலவன் ஏறா’ என்பதே பொருந்தும். ஓரெழுத்து மாறினால் பொருள் சரியாகிவிடுகிறது.

‘ஆளில்லா’ என்பதிலும் இதே குறை இருக்கிறது. ஆளில்லா வீடு என்றால் கவனிப்பார் ஒருவரும் இல்லாத வீடு. ஆளில்லா வானூர்தி என்று கேட்டவர், அதற்குப் பொறுப்பான மனிதர் எவரும் இல்லை என்று எண்ண இடமுண்டு. ஆங்கிலத்திலும், பன்னாட்டுக் குடிமை வானூர்தி அமைப்பு தன் ஆவணங்களில் ‘தொலைவிலிருந்து இயக்கப்படும் வானூர்தி’ என்று பொருள்படும் தொடரைத் தனியே வகுத்துக்கொண்டது. ‘ஆளேறா வானூர்தி’ என்பது என் பரிந்துரை. நீளத்தில் பழைய தொடருக்கு மிகாது, இலக்கணத்தில் அதைப் போலவே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பொருளில் அதைவிடத் திருத்தமானது. இயக்குபவரை ‘வலவர்’ என்றே சொல்லலாம். ‘இயக்குநர்’ என்றால் திரைப்படத்தையும் அலுவலகத்தையும் நினைக்கிறோம். ‘விமானி’ என்றால் உள்ளே அமர்ந்திருப்பவரை நினைக்கிறோம். வலவர் என்பதற்கு அந்தச் சுமைகள் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும், அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஊர்தல் என்றாலே ஏறிச் செல்லுதல்தானே? ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்று திருக்குறள் (37) பல்லக்கில் அமர்ந்து செல்பவனையே குறிக்கிறது. அப்படியானால் ஏறாத ஊர்தி என்பது முரண் அல்லவா? ஊர்தலுக்கு இன்னொரு பொருளும் தொன்றுதொட்டு உண்டு. எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது. அவற்றின்மேல் எவரும் ஏறவில்லை. மெல்ல நகர்ந்து செல்லுதல் என்னும் அப்பொருளே, கூரைச் சரிவை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகரும் இந்தக் கருவிக்கு மிக இயல்பாகப் பொருந்துகிறது. ‘விண்கலம்’ நிலைபெற்றுவிட்டதால் ‘வான்கலம்’ என்பாரும் உளர்; தவறில்லை, ஆனால் வேர்விட்ட ‘வானூர்தி’யைப் பெயர்க்க வேண்டிய தேவை எனக்குத் தென்படவில்லை.

இனி, தொடரின் பின்பாதி. பலர் கவனியாமல் விடுவது இதுதான். பிழை நேர்ந்தால் வீட்டில் இருப்பவரைப் பாதிப்பதும் இதுவே. ‘ட்ரோன் ஆய்வு’ என்கிறோம். ஆய்தல் என்பது நுணுகிப் பார்த்துப் பிரித்தறிதல். கீரை ஆய்வதில் தொடங்கி அதே பொருள்தான். வானூர்தி பார்க்கிறது, படம் எடுக்கிறது, ஆய்வதில்லை. அது தருவது பார்வை. படங்களை ஒன்றன்மேல் ஒன்று 70 முதல் 80 விழுக்காடு வரை மேற்படியும்படி எடுத்து, கணினியில் சேர்த்து, சரிவின் கோணத்தையும் பரப்பையும் கணக்கிட்டால் அது அளவை. ‘சர்வே’ என்னும் சொல்லுக்கு நேரானது அது. பார்வையையும் அளவையையும் கொண்டு, கூரையின் உட்புறத்தையும் தொட்டுப் பார்த்து, காரணம் இன்னது என்று கட்டடம் அறிந்தவர் முடிவு செய்வதே ஆய்வு.

பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு, அதை எண்ணால் சொல்ல முடியும். 13.2 மி.மீ. அகலமுள்ள ஒளியுணரியும் (ஒளியைப் படமாகப் பதியும் பகுதி) 8.8 மி.மீ. குவியத்தொலைவும் (வில்லையிலிருந்து படம் குவியும் தொலைவு) கொண்டு, படத்தின் அகலத்தில் 5472 புள்ளிகளைப் பதியும் படக்கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் அது எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி கூரையின் 5.5 மி.மீ. பகுதியைக் குறிக்கும், 10 மீட்டரில் 2.7 மி.மீ.; 5 மீட்டரில் 1.4 மி.மீ. ஒரு குறையை ஐயமின்றி அடையாளம் காண அது சில புள்ளிகளேனும் அகன்றிருக்க வேண்டும். ஓடு நழுவியதும் முகட்டுச் சாந்து உதிர்ந்ததும் 20 மீட்டரிலேயே தெரியும்; ஓட்டின் குறுக்கே ஓடிய மயிரிழை விரிசல் 5 மீட்டரிலும் தெரியாமல் போகலாம். ‘குறை இல்லை’ என்று எழுதும் அறிக்கை, எத்தனை மீட்டரிலிருந்து பார்த்து அப்படிச் சொல்கிறது என்று எழுதாவிட்டால் அந்தச் சொற்றொடருக்கு மதிப்பில்லை.

வெப்பப் படக்கருவியும் இப்படித்தான். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரு கிலோஜூலுக்குக் குறைவே போதும். ஆகவே பகல் முழுதும் வெயில் காய்ந்த தட்டைக் கூரையில், ஈரம் ஊறிய இடம் மாலைக்குப் பின் மெதுவாகக் குளிரும்; படத்தில் அது சுற்றுப்புறத்தைவிடச் சூடான திட்டாகத் தெரியும். ஆனால் அந்தத் திட்டு ஈரத்தின் குறிப்பு மட்டுமே. ஓடுகளுக்கு அடியில் காற்று புழங்கும் சரிவுக் கூரையில் இம்முறை அவ்வளவு பயன்தராது. பளபளக்கும் உலோகத் தகட்டிலோ வானத்தின் குளிர்ச்சியே எதிரொளித்து நம்மை ஏமாற்றிவிடும்.

மேலிருந்து ஒருபோதும் தெரியாதவை சில. ஓட்டைத் தாங்கும் சட்டம் இற்றுப்போனது, கூரைச் சரிவைத் தாங்கும் கைமரத்தின் நுனி சுவருக்குள் மக்கியது, கறையான் உள்ளே குடைந்தது, ஆணி துருவேறிப் பிடிப்பு விட்டது ஆகியவை உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும். நல்ல ஓட்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது மங்கலாக ஒலிக்கும். அந்த ஒலியைப் படம் தராது. பாசி படர்ந்திருந்தால் அதன் கீழே இருப்பதும் மறைந்துபோகும். பழைய வீடுகளில் ஒழுகுமிடம் ஒன்றாகவும் நீர் நுழையுமிடம் வேறாகவும் இருப்பது மிகுதி. நுழைந்த நீர் கைமரத்தின் வழியே நெடுந்தூரம் வழிந்து வந்த பிறகே சொட்டுகிறது.

இவ்வளவு சொன்னதால் இந்தப் பார்வையைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். பழைய ஓடுகள் கால் வைத்தாலே உடையும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகடுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை பெறுகின்றன. அவற்றின் மீது நடந்து உள்ளே விழுந்து உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. ஒருவரும் ஏறாமல் முதற்பார்வை கிடைப்பது உயிர் காக்கும் காரியம். ‘ஏறா’ என்னும் சொல் இங்கே கருவிக்கு மட்டுமன்றிக் கூரைக்கும் பொருந்துகிறது. அதேவேளை, சுழலிகள் கீழே தள்ளும் காற்று தளர்ந்த பொருள்களை அசைக்கும் என்பதையும், உலோகத் தகடு அருகில் இருந்தால் கருவியின் திசைகாட்டி பிழைபடலாம் என்பதையும், அடுத்த வீட்டு முற்றமும் படத்தில் விழும் என்பதையும் வலவர் மறக்கலாகாது.

எழுத்துப் பிழை ஒன்றையும் சுட்ட வேண்டும். வீட்டின் மேல் வேய்வது இடையின ரகரத்துடன் ‘கூரை’. வல்லின றகரத்துடன் எழுதும் ‘கூறை’ துணியைக் குறிக்கும். கூரை மேலேதான் இருக்கும் ஆதலால் ‘மேற்கூரை’ என்பதில் ‘மேல்’ மிகை.

ஆகவே பேச்சில் ‘ட்ரோன் விட்டுப் பார்த்தோம்’ என்பது இருக்கட்டும். அது தன் செயலைச் சரியாகவே சொல்கிறது, ‘ஆய்ந்தோம்’ என்று உரிமை கோரவில்லை. அறிக்கையில் ‘ஆளேறா வானூர்தி வழிக் கூரைப் பார்வை’ என்று தலைப்பிட்டு, சுருக்கமாக வேண்டுமிடத்தில் ‘வான்வழிக் கூரைப் பார்வை’ எனலாம். அதன் கீழே பார்த்த நாள், நேரம், கூரைக்கும் கருவிக்கும் இடையிருந்த தொலைவு, ஒரு படப்புள்ளி குறிக்கும் அளவு, மரக்கிளையாலோ பாசியாலோ மறைந்து பார்க்க இயலாமற்போன பகுதிகள் ஆகியவற்றை எழுத வேண்டும். ‘கூரை ஆய்வு’ என்னும் தலைப்பு, உள்ளே விளக்கைப் பிடித்துக் கைமரங்களைப் பார்த்து வந்த பிறகு எழுதப்படும் அறிக்கைக்கு உரியது.