உள்வாடகைக் கணினியில் பிழை நேர்ந்தால்

ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிக்குள்) இன்னொன்றை ஓட்டும்போது, உள்ளே இருப்பதில் நேரும் பிழையை யார் கையாளுவார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வாடகை வீட்டை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது போன்ற ஏற்பாடு இது. மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி ஓட்டும் மென்பொருளே ஹைப்பர்வைசர். வன்பொருளை நேரடியாக ஆளும் ஹைப்பர்வைசர் எல்0. அதன்மேல் ஓடும் ஹைப்பர்வைசர் எல்1. அதற்குள் குடியிருக்கும் இயங்குதளம் எல்2.

இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் செயலியில் சேர்த்த மெய்நிகராக்க வசதிக்கு ஓர் அடுக்கு மட்டுமே தெரியும். ஆகவே எல்2 எதனால் இடைநின்று வெளியேறினாலும், கட்டுப்பாடு முதலில் எல்0விடமே வரும். எந்தெந்தப் பிழைகளைத் தன்னிடம் அனுப்ப வேண்டும் என்று எல்1 ஒரு 32 பிட் பட்டியலில் குறித்து வைத்திருக்கும். அதில் 14ஆம் பிட் பேஜ் ஃபால்ட்டுக்கு, அதாவது ஒரு நினைவக முகவரியை அணுக முடியாமல் போகும் பிழைக்கு, உரியது. அந்தப் பட்டியலைத் தன் பட்டியலோடு சேர்த்துச் செயலியிடம் தரும் எல்0, பிழை வந்ததும் எல்1 அதைக் கேட்டிருந்ததா என்று பார்க்கும். கேட்டிருந்தால், வன்பொருளே அனுப்பியதுபோல் எல்1க்கு அனுப்பும். இல்லையென்றால் எல்2வுக்கே திருப்பிவிடும்.

"வன்பொருளே அனுப்பியதுபோல்" என்பதில்தான் என் மனம் லயிக்கிறது. பேஜ் ஃபால்ட் இயங்குதளத்தைச் சென்றடையும்போது, பிழை நேர்ந்த முகவரி செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான சிஆர்2 பதிவகத்தில் எழுதப்படும். ஆனால் அதே பிழை ஹைப்பர்வைசரிடம் போனால் சிஆர்2வில் பழைய மதிப்பே இருக்கும். முகவரி வேறோர் இடத்தில் தரப்படும். எனவே பிழை யாருக்கு உரியது என்று முடிவாகும்வரை எல்0 அந்த முகவரியைத் தனியே பிடித்து வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே சிஆர்2வில் எழுதினால், எல்2 இன்னும் படிக்காமல் வைத்திருந்த பழைய முகவரி அழிந்துபோகும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் நிரலில் இதற்கான திருத்தம் 2018இல்தான் வந்தது.

நினைவக முகவரியிலும் இதே வழக்குதான். எல்2வின் முகவரியை எல்1இன் அட்டவணை ஒருமுறை மாற்றும், எல்0வின் அட்டவணை மறுமுறை மாற்றும்; இரண்டையும் ஒரே அட்டவணையாக இணைக்கும் வழியை ஐபிஎம் ஹைஃபா ஆய்வகத்தார் முன்னின்று நடத்திய டர்ட்டில்ஸ் திட்டம் 2010இல் காட்டியது. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கவே கூடாது என்பேன். இணைத்த அட்டவணையில் ஓரிடம் காலியாக இருந்து எல்2 தடுக்கி நின்றால், எல்0 முதலில் எல்1இன் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும். குறை அங்கே இருந்தால் எல்1க்குத் தெரிவிக்கும். தன்னுடையது என்றால் சத்தமில்லாமல் நிரப்பிவிட்டு எல்2வைத் தொடர விடும்.

எல்2வுக்கு ஒரு குறுக்கீட்டை (வட்டு போன்ற சாதனங்கள் செயலிக்கு அனுப்பும் அறிவிப்பை) கொடுத்துக்கொண்டிருக்கும் நொடியிலேயே இத்தகைய தடை நேர்வதும் உண்டு. பாதியில் நின்ற அந்தக் குறுக்கீட்டைச் செயலி தனியே குறித்து வைக்கும்; குறை எல்1உடையது என்றால், அந்தக் குறிப்பையும் எல்0 மறவாமல் சேர்த்து அனுப்ப வேண்டும். அது விடுபட்டால், வட்டிலிருந்து தரவு வந்துவிட்ட செய்தி எட்டாமல் எல்2 காத்துக்கொண்டே இருக்கும்.