மீட்ட பூனைக்குட்டி என்ன இனம்? ரோமத்தைப் படிக்கும் முறை

புள்ளி இருந்தால் பெங்கால், முகம் கறுத்திருந்தால் சயாமீஸ், சாம்பல் நிறமென்றால் ரஷ்யன் ப்ளூ, ரோமம் நீண்டிருந்தால் பெர்சியன். தெருவில் மீட்ட குட்டியைப் பார்த்துச் சொல்லப்படும் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் தவறு. இனம் என்பது பல தலைமுறைகளாகப் பெற்றோர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, தேர்ந்தெடுத்து இணைசேர்த்து வந்த வம்சம். கோடு, புள்ளி, நிறம் மூன்றும் சில மரபணுக்களின் வேலை. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை நம் நாட்டுப்பூனைகளிடமே இருக்கின்றன. ஆகவே ரோமம் இனத்தைச் சொல்லாது. ஆனால் வேறு பல உண்மைகளைத் துல்லியமாகச் சொல்லும்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது வீட்டுப்பூனைதானா என்று பாருங்கள். கரும்பு வெட்டும்போதோ புதர்க்காட்டிலோ கிடைத்த குட்டி காட்டுப்பூனையாக இருக்கலாம். அதற்குக் கால் நீளம், வால் குட்டை, வால்நுனிப் பக்கம் கருவளையங்கள், காதுநுனியில் சிறிய கருங்குஞ்சம். குட்டியில் தெரியும் உடல்கோடுகள் வளர வளர மங்கிவிடும். கறுத்த காதுப் பின்புறத்தில் பளிச்சென்று வெள்ளைப் பொட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே வெள்ளைக் கீற்று, உடலெங்கும் புள்ளி என்றால் சிறுத்தைப்பூனை. முகம் கூம்பி நீண்டிருந்தால் மரநாய்க் குட்டியா என்று பாருங்கள். இவை எல்லாம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வளர்க்கக் கூடாது. தாய் பெரும்பாலும் இரைதேடத்தான் போயிருக்கும். குட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டுப்பூனைதான் என்று உறுதியானால், பகல் வெளிச்சத்தில் தோள்பட்டை ரோமத்தைத் தோல் தெரியும்வரை விலக்கிப் பாருங்கள். ஒரே முடியில் கறுப்பும் வெளிர்மஞ்சளும் மாறிமாறிப் பட்டையாக வந்தால் அகூட்டி மரபணு வேலை செய்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட பூனையில்தான் கோடுகள் தெளிவாகத் தெரியும். முடி அடிமுதல் நுனிவரை ஒரே நிறம் என்றால் அகூட்டி அணைந்திருக்கிறது. அந்தப் பூனைக்கும் கோட்டு வடிவம் உள்ளே உண்டு, கறுப்பு அதை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் கருங்குட்டிகளை வெயிலில் பிடித்தால் மங்கலான வரிகள் தெரிகின்றன. வளர்ந்ததும் அவை பெரும்பாலும் மறைந்துவிடும்.

முதுகெலும்பிலிருந்து மீன்முள் போல மெல்லிய கோடுகள் இறங்கினால் அது பூனைகளின் ஆதி வடிவம். விலாவில் அகன்ற சுழி இருந்தால் டாக்பெப் என்ற மரபணுவின் மாறிய பிரதி இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்திருக்கிறது. 2012இல் இதைக் கண்டுபிடித்தபோது, ஆப்பிரிக்காவின் ராஜசிறுத்தை எனப்படும் அரிய சிவிங்கிப்புலியின் பெரிய திட்டுகளுக்கும் இதே மரபணுவின் மாற்றமே காரணம் என்று தெரிந்தது. மெல்லிய கோடுகள் உடைந்தால் புள்ளிகளாகும். புள்ளி மட்டும் இருந்தால் பெங்கால் ஆகிவிடாது. பெங்காலுக்குரிய அடையாளம், விளிம்பு கறுத்து நடு வெளுத்த இரட்டைநிறத் திட்டு.

உடலில் கோடே இல்லாமல், ஒவ்வொரு முடியும் பட்டையடித்து மணல் தூவியதுபோல இருந்தால் உடனே அபிசீனியன் என்பார்கள். அந்தத் தோற்றம் ஆசியத் தெருப்பூனைகளிலும் உண்டு. நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகம் 1830களில் வாங்கிய, இப்படி ரோமம் கொண்ட பதப்படுத்திய பூனை ஒன்றின் சீட்டில் சொந்த ஊர் இந்தியா என்றே எழுதப்பட்டிருக்கிறது.

செம்பூனையில் அகூட்டி அணைந்திருந்தாலும் கோடு மறையாது. அதனால் ஏறக்குறைய எல்லாச் செம்பூனைக்கும் வரி உண்டு. செம்மை மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் ஒரு பிரதி போதும், பெண்ணுக்கு இரண்டு வேண்டும். செங்குட்டிகளில் ஆண்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே உடலில் செம்மையும் கறுப்பும் கலந்திருந்தால் அது அனேகமாகப் பெண். கருவிலேயே ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒரு எக்ஸ் அணைந்துவிடும், அந்தச் செல்லின் வழிவந்த தோல்திட்டு முழுக்க அதே முடிவைத் தொடரும். எது அணையும் என்பது தற்செயல். டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த உலகின் முதல் குளோன் பூனைக்கு மூலமாக இருந்தது மூவண்ணப் பூனை, குளோனுக்கோ செம்மையே வரவில்லை. ஒரே மரபணுத் தொகுதி இருந்தும் ரோமம் இவ்வளவு மாறுமென்றால், படத்தைப் பார்த்து வம்சம் சொல்வது எவ்வளவு நம்பத்தக்கது என்று யோசியுங்கள்.

வெள்ளைத் திட்டு, இனத்தை விலக்குவதற்கு நல்ல கருவி. நிறமிச் செல்கள் கருவின் முதுகில் தோன்றி வயிறு, பாதம் நோக்கிப் பரவுகின்றன. போய்ச் சேராத இடம் வெள்ளையாகிறது, எனவே நெஞ்சும் பாதமும்தான் முதலில் வெளுக்கும். ரஷ்யன் ப்ளூ, பாம்பே, சயாமீஸ், அபிசீனியன் ஆகிய இனங்களின் தரநிலைகள் வெள்ளைத் திட்டை ஏற்பதில்லை. சாம்பல் குட்டிக்கு வெள்ளைக் காலுறை இருந்தால் ரஷ்யன் ப்ளூ பேச்சு அங்கேயே முடிந்தது. முழு வெள்ளையாகவும் இரண்டு கண்ணும் நீலமாகவும் இருந்தால் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள். இவற்றில் பாதிக்கு மேல் காது கேளாதவை. தரையை உதைத்துவிடாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பினால் கேட்கிறது என்று ஏமாறுவோம். கண் நிறத்தை 3 மாதம் ஆகும்வரை முடிவு செய்ய வேண்டாம். சிறு குட்டிகள் எல்லாவற்றுக்கும் கண் நீலம்தான்.

சயாமீஸ் போல முகம், காது, பாதம், வால் மட்டும் கறுத்த குட்டிகளில் நடப்பது வேறு. நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி மாறியிருப்பதால் உடல்சூட்டில் அது செயலிழக்கிறது, குளிர்ந்த ஓரங்களில் மட்டும் இயங்குகிறது. கருப்பையின் சூட்டில் வளர்வதால் பிறக்கும்போது வெள்ளை, சில வாரங்களில் காது நுனி முதலாகக் கறுக்கும். கருத்தடை அறுவைக்கு மழித்த இடத்தில் முடி கறுப்பாக முளைத்தால் பயப்பட வேண்டாம். ரோமம் இல்லாத தோல் குளிர்ந்திருந்ததுதான் காரணம், அடுத்த முடியுதிர்வில் சரியாகும். இந்த மாற்றம் ஒடுங்கு வகை, அதாவது இரண்டு பெற்றோரிடமிருந்தும் பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே வரிபோட்ட தெருப்பூனைகள் இரண்டுக்கும் இப்படி ஒரு குட்டி பிறக்கலாம்.

குட்டிகளிடம் இன்னொரு ஏமாற்றும் உண்டு. சினையாக இருந்த தாய்க்குக் காய்ச்சலோ கடும் நெருக்கடியோ வந்திருந்தால், கருப்பாக வேண்டிய குட்டி வெள்ளி நுனி முடியுடன் பிறக்கலாம். வேர்ப்பகுதியில் கறுப்பு தெரிந்தால் சில மாதங்களில் அது தன் நிறத்துக்கு வந்துவிடும்.

ரோமத்தை விட்டு எலும்புக்கு வந்தால்தான் இனத்தைப் பற்றி ஓரளவு பேசலாம். நீள்முடி மட்டும் பெர்சியனுக்குச் சான்றல்ல, அதுவும் ஒடுங்கு மரபணுதான். பஞ்சுபோன்ற குட்டிமுடி உதிர்ந்த பின், 4 மாதத்துக்கு மேல் வாலிலும் தொடையின் பின்பக்கமும் முடி நீண்டு தொங்கினால் நீள்முடி உறுதி. அதோடு மூக்கு கண்களின் மட்டத்துக்கு உள்வாங்கி, தலை உருண்டு, கால் குட்டையாக இருந்தால் அண்மையில் பெர்சியன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சந்தேகத்துக்கு மருத்துவப் பயன் இருக்கிறது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் பெர்சியன்களில் பரவலானது. அதற்கு ஒரு பெற்றோரிடமிருந்து மாறிய மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே போதும், கலப்புக் குட்டிக்கும் வரலாம். மரபணுச் சோதனையை எந்த வயதிலும் செய்யலாம். அல்ட்ராசவுண்டில் பார்ப்பதானால் 10 மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது, அதற்கு முன் சிறு கட்டிகள் தப்பிவிடக்கூடும்.

மற்ற குட்டிகளுக்குத் தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் நாட்டுப்பூனை, குட்டைமுடி அல்லது நீள்முடி என்றும், கீழே நிறம், கோட்டு வடிவம், வெள்ளை இருக்கும் இடங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். குட்டி தொலைந்தால் அடையாளம் காட்ட உதவுவது அந்த விவரம்தான்.