சுவரைச் சாய்த்தது யார்?

மண்ணும் மரமும் செயலாற்றுகின்றன என்று தொல்லியலாளர்களே எழுதினால், அதற்கும் கல்லுக்கு உயிருண்டு என்ற நம்பிக்கைக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் குறிப்பிடுவது பின்மனிதவாதத்தை. மனிதன் மட்டுமே செய்பவன், மற்றவையெல்லாம் அவன் கைப்பொருள்கள் என்ற முற்கோளை அக்கோட்பாடு ஏற்பதில்லை. துருக்கியின் கொன்யா சமவெளியிலுள்ள சாத்தல்ஹூயூக் என்ற தொல்லியல் மேட்டை வைத்து இதை விளக்கலாம்.

ஏறத்தாழ கி.மு. 7100 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாழ்ந்த அந்த மேட்டில், வீடுகள் தெருவின்றி நெருங்கி நின்றன. கூரைவழியே உள்ளே இறங்கினார்கள். சுவர்கள் சுடாத செங்கல்லால் ஆனவை, அம்மண்ணிலோ ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் துகள், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிப்புள்ள ஏடுகளின் அடுக்கு. எதிர்மின்சுமை கொண்ட அந்த ஏடுகளை இடையிலுள்ள சோடியம், கால்சியம் அயனிகள் தளர்வாகவே பிடித்திருக்கின்றன. ஈரம் பட்டதும் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அயனிகளைச் சூழ்ந்துகொண்டு ஏடுகளை விலக்க, மண் உப்புகிறது. காய்ந்ததும் நீர் வெளியேறி, ஏடுகள் மீண்டும் நெருங்கி, மண் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் நம் கரிசல் காடு பாளம்பாளமாக வெடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஒவ்வொரு பருவத்திலும் உப்பிச் சுருங்கிய சுவர் சாய்ந்தது. அதைத் தாங்க மரத்தூண் வேண்டியிருந்தது. தூணுக்கு ஓக், ஜூனிப்பர் மரங்களை வெட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. விரிசலை மறைக்கப் பூச்சு, பூச்சின்மேல் மீண்டும் பூச்சு. பிற்காலத்தில் மணல் கலந்த செங்கல்லுக்கு மாறினார்கள். 1993 முதல் 2018 வரை அங்கு அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய இயான் ஹாடர் இதைப் பின்னல் என்கிறார்: பொருளை நம்பிய மனிதர், அப்பொருளைப் பேணும் வேலையிலேயே சிக்கிக்கொள்கிறார்.

இங்கே களிமண்ணுக்கு விருப்பமோ நோக்கமோ கற்பிக்கப்படவில்லை. மூடநம்பிக்கை மண்ணுக்குள் ஒரு மனத்தை வைக்கிறது. இக்கோட்பாடோ மண்ணின் வேதியியலைப் படிக்கச் சொல்கிறது. ஆகவே, பொன்னும் எழுத்தும் கிடைத்தால் தாராளமாக நிதி தருவோர் மண் மாதிரிகளைப் பகுக்கவும் அதே தாராளத்தைக் காட்ட வேண்டும் என்பேன். எனினும் மனிதரையும் பொருளையும் முற்றிலும் ஒரே தட்டில் வைக்கும் போக்கு எனக்கு உடன்பாடன்று; அடிமைகளைப் பூட்டிய விலங்கையும் பூட்டியவனையும் சமமாக எண்ணினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே மறைந்துபோகும்.

தோண்டியெடுத்த பிறகும் அம்மண் ஓயவில்லை. காற்றுப்பட்டுக் காய்ந்து சரியத் தொடங்கிய சுவர்களுக்கு, ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் மணல்மூட்டைகளை முட்டுக்கொடுத்து, மேலே கொட்டகை போட வேண்டியதாயிற்று.